பாகங்கள் பல, டைம்லைன் ஒன்று

ஓசூர் சிப்காட் பகுதியின் டூல் ரூம்களிலும் சிறிய ஜாப் ஷாப்களிலும் ஃப்யூஷன் மென்பொருளில் வரையப் பழகும் இளைஞர்களிடம், திரையின் அடியில் செய்த வேலைகளை வரிசையாகக் காட்டும் டைம்லைனைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "அது அன்டூ மாதிரி, செய்ததெல்லாம் அதில் பதிவாகும்" என்பது ஒன்று. "ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் (பாகத்துக்கும்) ஒரு டைம்லைன் உண்டு" என்பது இன்னொன்று. மூன்றாவது, ஏற்கெனவே அடி வாங்கியவர்கள் சொல்வது: "அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒன்றை மாற்றினால் பத்து சிவப்பாகிவிடும்."

முதல் பதில் பாதி சரி. இரண்டாவது தவறு. மூன்றாவதில் அனுபவம் உண்மை, எடுத்த முடிவுதான் தவறு. அதோடு, மூன்றாவது பதிலுக்குக் காரணமே பெரும்பாலும் இரண்டாவது பதிலை நம்பியதுதான். ஒரே ஒரு பாகத்தை வரைந்து பழகும் வரை இந்தக் குழப்பம் யாருக்கும் தெரிவதில்லை. நான்கைந்து பாகங்கள் சேர்ந்த ஒரு ஜிக்கையோ (வேலைப்பொருளைப் பிடித்து, வெட்டும் கருவியை வழிநடத்தும் அமைப்பு) சிறு இயந்திரத்தையோ ஒரே கோப்பில் வரைய உட்காரும் நாளில்தான் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இந்தக் கட்டுரை அந்த நாளுக்கானது. ஸ்கெட்ச் போடவும் அதை எக்ஸ்ட்ரூட் செய்து கனவடிவம் ஆக்கவும் தெரிந்தால் போதும். பேசப்போவது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷனைப் பற்றி. முன்பு ஃப்யூஷன் 360 என்று அழைக்கப்பட்டது இதுதான். மற்ற மென்பொருள்கள் எங்கே வேறுபடுகின்றன என்பதைக் கடைசியில் தொட்டுக்கொள்ளலாம்.

முதலில் சார்பதிவாளர் அலுவலகம்

நிலம் வாங்கிய, விற்ற, பாகம் பிரித்த குடும்பங்களுக்கு வில்லங்கச் சான்று என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்காட் விரிவாக்கமும் மனை வணிகமும் வந்த பிறகு, ஓசூர், சூளகிரி பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அந்தச் சொல் பழக்கம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்கள் வந்த வரிசைப்படி எண் பெறுகின்றன. இன்று காலை சூளகிரிக்காரர் ஒருவரின் கிரயப் பத்திரம், அடுத்து வேறோர் ஊர்க்காரரின் அடமானம், அதற்கடுத்து இன்னொருவரின் பாகப்பிரிவினை. யாருடைய நிலம் என்று பார்த்து வரிசை போடுவதில்லை. எப்போது வந்தது என்பது மட்டும்தான் கணக்கு. நீங்கள் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால், அந்த நீண்ட வரிசையிலிருந்து உங்கள் நிலத்துக்குரியவை மட்டும் பொறுக்கித் தரப்படும். 1998ஆம் ஆண்டின் 412ஆம் எண் ஆவணத்துக்கு அடுத்து 2004ஆம் ஆண்டின் 1730 என்று சான்றில் எண் தாவும். இடையில் நடந்தவை எல்லாம் மற்றவர்களுடையவை. அவை இல்லாமல் போய்விடவில்லை, உங்கள் சான்றில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய மூலப் பத்திரத்தைச் சொல்லித்தான் நிற்கிறது. நான்கெல்லை எழுதும்போது பக்கத்து நிலத்தையும் சொல்கிறது: கிழக்கே இன்னாருடைய புன்செய், வடக்கே வண்டிப்பாதை. அதாவது ஒரு நிலத்தின் எல்லை இன்னொரு நிலத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது.

ஃப்யூஷனின் டைம்லைன் இந்தப் பொதுப் பதிவேடு. ஒரு காம்பொனென்டைத் தேர்ந்து ஆக்டிவேட் செய்தால் உங்களுக்குக் காட்டப்படுவது அதன் வில்லங்கச் சான்று.

ஆனால் ஓர் இடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடும். 1998ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இன்று ஒரு பிழைதிருத்தம் செய்தால், அதன் பின் வந்த பத்திரங்கள் தாமாகத் திருந்திக்கொள்வதில்லை. டைம்லைனில் திருந்தும். பழைய பதிவு ஒன்றை மாற்றினால், அதற்குப் பின்னால் வந்து அதைச் சார்ந்து நிற்பவை அத்தனையும் அந்தக் கணமே மறுபடி எழுதப்படும். பாராமெட்ரிக் என்ற சொல்லின் பலமும் தலைவலியும் இங்கேதான்.

கணினி உண்மையில் என்ன செய்கிறது

ஒரு வடிவத்தை அதன் முடிந்த உருவமாகச் சேமிக்காமல், அதை உண்டாக்கும் அளவுகளாகவும் கட்டளைகளாகவும் சேமிப்பதுதான் பாராமெட்ரிக் முறை. உங்கள் கோப்பில் 20 மிமீ தடிமனுள்ள ஒரு தகடு இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். கோப்பில் இருப்பதோ "இந்த ஸ்கெட்ச்சை எடு, 20 மிமீ எக்ஸ்ட்ரூட் செய்" என்ற கட்டளை. திரையில் தெரியும் தகடு அந்தக் கட்டளையின் விளைவு.

இப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டளைக்கும் ஃபீச்சர் என்று பெயர். ஸ்கெட்ச் ஒரு ஃபீச்சர், எக்ஸ்ட்ரூட் ஒன்று, விளிம்பை வளைக்கும் ஃபில்லெட் ஒன்று. புதிய காம்பொனென்டை உருவாக்குவதும், இரண்டு காம்பொனென்டுகளைச் சேர்க்கும் ஜாயின்ட்டும்கூட இதில் இடம்பெறும். திரையின் அடியில் சிறு சிறு சின்னங்களாக வரிசையில் நிற்பவை இவைதான்.

நீங்கள் நடுவில் ஒரு அளவை மாற்றினால், மென்பொருள் அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் நோக்கி, பாதிக்கப்படும் ஃபீச்சர்களை வரிசையாக மறுபடி நிறைவேற்றுகிறது. இதை மறுகணக்கீடு என்று வைத்துக்கொள்வோம். அன்டூவிலிருந்து டைம்லைன் வேறுபடுவதும் இதனால்தான். அன்டூ உங்களைப் பழைய நிலைக்கு இழுத்துச் செல்லும். இடையில் செய்த வேலை போய்விடும். டைம்லைனில் மூன்றாவது அடியை மட்டும் மாற்றிவிட்டு நாற்பதாவது அடியிலேயே நிற்கலாம்.

ஒரு ஃபீச்சர் இன்னொன்றை நம்பி நிற்பதைச் சார்பு என்கிறோம். ஃபில்லெட்டுக்கு ஒரு விளிம்பு வேண்டும். அந்த விளிம்பை எக்ஸ்ட்ரூட் தருகிறது. எக்ஸ்ட்ரூடுக்கு ஸ்கெட்ச் வேண்டும். சார்புக்கு ஒரே ஒரு விதி உண்டு, அதற்கு விலக்கே கிடையாது: எந்த ஃபீச்சரும் தனக்கு இடப்பக்கம் இருப்பதை மட்டுமே நம்பலாம். பின்னால் பிறக்கப்போவதை முன்னால் இருப்பது பார்க்க முடியாது. சின்னங்களை இழுத்து வரிசையை மாற்ற ஃப்யூஷன் அனுமதிக்கும். ஆனால் தான் நம்பியிருக்கும் ஃபீச்சருக்கு முன்னால் போய் நிற்க எதையும் விடாது.

இந்த எண்ணம் புதிதல்ல. வரைபடத்தில் கோடுகளுக்கு இடையே உறவுகளை விதிக்கலாம் என்பதை ஐவன் சதர்லேண்ட் 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஸ்கெட்ச்பேட் என்ற நிரல் மூலம் காட்டினார். 1980களின் இறுதியில் வந்த ப்ரோ/இன்ஜினியர் ஃபீச்சர் வரலாற்றைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது. அதைக் காலக்கோடுபோல் கிடைமட்டமாகத் திரையின் அடியில் படுக்க வைத்ததுதான் ஃப்யூஷனின் வழக்கம்.

இதுவரை சொன்னதில் மனதில் நிற்க வேண்டியவை: டைம்லைன் ஓடக்கூடிய கட்டளை வரிசை, மாற்றினால் வலப்பக்கம் பாதிக்கப்படுபவை எல்லாம் மறுபடி ஓடும், சார்பு எப்போதும் இடப்பக்கம் நோக்கியே.

கையில் ஒரு டிரில் ஜிக்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது. ஓசூர் ஜாப் ஷாப் எதிலும் பார்க்கக்கூடிய ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 6 மிமீ தகட்டில் வெட்டிய ஒரு பிராக்கெட்டைத் தருகிறார். அதில் 8.5 மிமீ துளை இரண்டு, 60 மிமீ இடைவெளியில். நூற்றுக்கணக்கில் துளையிட வேண்டும் என்பதால் ஒரு டிரில் ஜிக் செய்ய வேண்டும்.

ஜிக்கில் கீழே ஒரு பேஸ் பிளேட். அதன் மேல் பிராக்கெட் உட்காரும். நீளவாக்கு விளிம்பில் இரண்டு, குறுக்கு விளிம்பில் ஒன்று என மூன்று லொகேட்டர் பின்கள் அதை இடம் மாறாமல் நிறுத்தும். மேலே புஷ் பிளேட். அதில் டிரில் பிட்டை வழிநடத்தும் இரண்டு டிரில் புஷ்கள். பிட் பிராக்கெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே வரும்போது பேஸ் பிளேட்டில் மோதக் கூடாது. அதற்காகப் பேஸ் பிளேட்டில் அதே இடங்களில் 12 மிமீ விலகு துளைகள் இரண்டு.

பெரும்பாலானவர்கள் கீழிருந்து மேலே வரைகிறார்கள்: முதலில் பேஸ் பிளேட், பிறகு பின்கள், பிறகு பிராக்கெட், கடைசியில் புஷ் பிளேட். உண்மையில் ஜிக்கைப் பொருத்தும் வரிசையும் அதுதான் என்பதால் மனது அப்படித்தான் போகும். நாமும் அப்படியே வரைந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம்.

யாருடையது, எப்போது

ஃப்யூஷன் திரையில் ஒரே வடிவமைப்பைப் பற்றி இரண்டு பட்டியல்கள் உள்ளன. இடப்பக்கம் மேலிருந்து கீழாக இருக்கும் பிரவுசர், ஒரு பொருள் யாருடையது என்று சொல்கிறது. அடியில் இருக்கும் டைம்லைன், அது எப்போது வந்தது என்று சொல்கிறது. குழப்பங்களில் பெரும்பகுதி, இந்த இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கேட்பதால் வருவது.

பிரவுசரில் பாடி, காம்பொனென்ட் என்று இரண்டு சொற்கள் வரும். பாடி என்பது வெறும் கனவடிவம். காம்பொனென்ட் என்பது தனக்கென ஓர் ஆரம்பப் புள்ளி, தன் ஸ்கெட்ச்சுகள், தன் பாடிகள் எல்லாம் வைத்திருக்கும் பாகம். நகரும், ஜாயின்ட் ஏற்கும், பாகப் பட்டியலில் ஒரு வரியாக வரும். தனியாக எந்திரத்தில் ஏற்றப்போகும் ஒவ்வொன்றும் ஒரு காம்பொனென்ட் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

காம்பொனென்ட் பெயருக்கு அருகில் உள்ள சிறு வட்டத்தைச் சொடுக்கினால் அது ஆக்டிவேட் ஆகும். அப்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. இனி நீங்கள் போடும் ஸ்கெட்ச்சும் ஃபீச்சரும் அந்தக் காம்பொனென்டுக்குள் போய்ச் சேரும். அடியில் டைம்லைன் சுருங்கி அதற்குரிய சின்னங்களை மட்டும் காட்டும். இந்தச் சுருங்கலைப் பார்த்துத்தான் "ஒவ்வொன்றுக்கும் தனி டைம்லைன்" என்ற நம்பிக்கை பிறக்கிறது. மேலே கோப்பின் தலைப்பெயரை, அதாவது ரூட்டை, ஆக்டிவேட் செய்யுங்கள். முழுப் பதிவேடும் விரியும். பேஸ் பிளேட்டின் மூன்று சின்னங்கள், பின்னின் இரண்டு, மறுபடி பேஸ் பிளேட்டின் ஒன்று எனக் கலந்து கிடக்கும்.

கலந்து கிடப்பது குற்றமல்ல. யாருக்குரியது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஷிப்ட் விசையுடன் N எழுத்தை அழுத்துங்கள். காம்பொனென்டுகள் தனித்தனி நிறம் பெறும். அதே நிறங்களைப் பிரவுசரிலும் டைம்லைனிலும் பட்டையாகக் காட்டும் வசதியும் உண்டு. அதை எப்போதும் இயக்கி வைத்திருப்பதே என் பரிந்துரை. தொடக்கநிலையில் பத்துப் பக்கம் படிப்பதைவிட, அந்த நிறங்கள் மாறி மாறி வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்களின் வழக்கமான இக்கட்டு: காம்பொனென்ட் எதையும் உருவாக்காமல் ரூட்டிலேயே ஆறேழு பாடிகளை வரைந்துவிடுவது. பிறகு பாடியைக் காம்பொனென்டாக மாற்றலாம், வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பாடியை உண்டாக்கிய ஸ்கெட்ச்சும் எக்ஸ்ட்ரூடும் ரூட்டிலேயே தங்கிவிடும். அதனால்தான் பழகியவர்கள் முதலில் காலியான காம்பொனென்டை உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்துவிட்டு, அதன் பிறகுதான் முதல் கோட்டை இழுக்கிறார்கள். இதில் சலுகை தேட வேண்டாம்.

மூன்று பின்களும் ஒரே மாதிரி என்றால் ஒன்றை வரைந்து நகலெடுத்து ஒட்டினால் போதும். அவை ஒரே வரையறையின் மூன்று பிரதிகள்; ஒன்றின் விட்டத்தை மாற்றினால் மூன்றும் மாறும். குறுக்கு விளிம்பின் பின் மட்டும் வேறு நீளத்தில் வேண்டும் என்றால் ஒட்டும்போது "பேஸ்ட் நியூ" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது உறவில்லாத தனி நகல்.

காணாமல் போகும் பிராக்கெட்

இப்போது பேஸ் பிளேட்டுக்கு விலகு துளைகள் போட வேண்டும். பிராக்கெட்டின் துளைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே. பேஸ் பிளேட்டை ஆக்டிவேட் செய்து, அதன் முதல் ஸ்கெட்ச்சைத் திருத்தத் திறக்கிறீர்கள். பிராக்கெட்டைக் காணோம். பின்களும் இல்லை, புஷ் பிளேட்டும் இல்லை. இந்த இடத்தில் பயந்து கோப்பை மூடிவிட்டு மறுபடி திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதுவும் அழியவில்லை. ஒரு ஃபீச்சரைத் திருத்தத் திறந்தால், ஃப்யூஷன் முழு வடிவமைப்பையும் அந்த ஃபீச்சர் பிறந்த கணத்துக்குப் பின்னோக்கி நகர்த்துகிறது. பேஸ் பிளேட்டை மட்டுமல்ல, எல்லாவற்றையும். ஏனென்றால் பதிவேடு ஒன்றுதான். அந்தக் கணத்தில் பிராக்கெட் இன்னும் பிறக்கவில்லை. பிறக்காததன் துளையை எப்படிப் பார்க்க முடியும்?

டைம்லைனின் வலக்கோடியில் நிற்கும் சிறு குறியை இடப்பக்கம் இழுத்தாலும் இதே நிகழும். அது வரலாற்றுக் குறி. "இதுவரை மட்டும் ஓட்டு" என்பதற்கான எல்லை. குறியை நடுவில் விட்டுவிட்டுப் புதிய ஃபீச்சர் போட்டால், அது அந்த நடுவிலேயே செருகப்படும். வேலை முடிந்ததும் குறியை வலக்கோடிக்குத் திருப்பி இழுக்க மறந்துவிட்டு, "பாதி வரைபடம் போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு.

விலகு துளைக்குத் தீர்வு எளிது. பேஸ் பிளேட்டை ஆக்டிவேட் செய்துகொள்ளுங்கள். பழைய ஸ்கெட்ச்சைத் தொட வேண்டாம். குறி வலக்கோடியில் இருக்கும்போதே புதிய ஸ்கெட்ச் ஒன்றைப் பேஸ் பிளேட்டின் மேல்பரப்பில் போடுங்கள். இப்போது பிராக்கெட் கண்ணெதிரே இருக்கிறது. அதன் துளை வட்டங்களை ப்ராஜெக்ட் கட்டளையால் இந்த ஸ்கெட்ச்சுக்குள் இறக்கி, அதே மையத்தில் 12 மிமீ வட்டம் போட்டு வெட்டுங்கள். இந்தத் துளை பிரவுசரில் பேஸ் பிளேட்டுக்குச் சொந்தம். டைம்லைனில் பிராக்கெட்டுக்குப் பின்னால். யாருடையது, எப்போது என்ற இரண்டும் தனித்தனி என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று கிடையாது.

சுருக்கிச் சொன்னால், ஆக்டிவேட் செய்வது பார்வையை மட்டும் வடிகட்டும். காலம் எல்லாருக்கும் பொது. ஒரு பாகத்தின் ஃபீச்சர் பதிவேட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

60 என்பது 65 ஆகும்போது

ஜிக் வரைந்து முடிந்த பிறகு வாடிக்கையாளரிடமிருந்து செய்தி வருகிறது: துளை இடைவெளி 60 அல்ல, 65. இப்படி வராத வேலையே கிடையாது. உங்கள் டைம்லைன் நல்ல டைம்லைனா என்பது தெரிவது இந்தக் கணத்தில்தான்.

பிராக்கெட்டின் ஸ்கெட்ச்சில் 60ஐ 65 ஆக்குகிறீர்கள். புஷ் பிளேட்டின் துளைகள் பிராக்கெட்டிலிருந்து இறக்கப்பட்டவை என்றால் தாமாக நகரும். புஷ்கள் அந்தத் துளைகளோடு ஜாயின்ட் போடப்பட்டிருந்தால் கூடவே நகரும். பேஸ் பிளேட்டின் விலகு துளைகளை மேலே சொன்னபடி போட்டிருந்தால் அவையும் நகரும். ஒரு எண், நான்கு பாகங்கள், சில நொடிகள்.

இனி மறுபக்கம். விலகு துளைகளுக்கு மட்டும் அவசரத்தில் 60 என்று கையால் அளவு கொடுத்திருந்தீர்கள் என்று வையுங்கள். திரையில் மஞ்சளோ சிவப்போ எதுவும் வராது; ஏனென்றால் எந்தச் சார்பும் உடையவில்லை. மையத்திலிருந்து இருபுறமும் துளைகள் 2.5 மிமீ விலகிவிட்டன. 12 மிமீ துளைக்குள் 8.5 மிமீ பிட்டுக்கு ஒரு பக்கம் இருந்த இடம் 1.75 மிமீ. மீதி 0.75 மிமீ அளவுக்கு பிட் பேஸ் பிளேட்டின் விளிம்பைக் கடிக்கும். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. பிட் உடையும் சத்தம்தான் சொல்லும்.

ஆக, சார்பே இல்லாமல் வரைவது பாதுகாப்பு என்பது மாயை. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பிணைப்பதும் தீர்வல்ல. பிராக்கெட்டிலிருந்து புஷ் பிளேட், புஷ் பிளேட்டிலிருந்து பேஸ் பிளேட், பேஸ் பிளேட்டிலிருந்து கிளாம்ப் என்று சங்கிலியாகப் போனால், நடுவில் புஷ் பிளேட்டை வேறு வடிவத்தில் மாற்றும் நாளில் அதற்குப் பின்னால் உள்ளவை தொங்கலில் நிற்கும்.

நான் கற்றுத்தரும் முறை இது. முதலில், ஜிக் வேலை என்றால் பிராக்கெட்டைத்தான் முதலில் வரைய வேண்டும். மற்ற பாகங்கள் எல்லாம் அதற்காகவே இருக்கின்றன. எனவே அது டைம்லைனின் இடக்கோடியில் இருப்பதே நியாயம். பொருத்தும் வரிசைக்கும் வரையும் வரிசைக்கும் தொடர்பு இருக்கத் தேவையில்லை. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்களோ அந்த வரிசையில் வரையுங்கள்.

அடுத்து, பல பாகங்களுக்குப் பொதுவான எண்களுக்குப் பயனர் பாராமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பயனர் பாராமீட்டர் என்பது நீங்களே பெயர் சூட்டி வைக்கும் அளவு. பிட்ச் என்று ஒன்றை உருவாக்கி 60 கொடுத்துவிட்டால், எந்தக் காம்பொனென்டின் எந்த ஸ்கெட்ச்சிலும் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை எழுதலாம். அது முழுக் கோப்புக்கும் பொது. இதில் ஒரு நிம்மதியும் உண்டு: ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் விளிம்பை நம்பாமல், இரண்டும் ஒரே எண்ணை நம்புகின்றன. பக்கத்து நிலத்தைச் சொல்லி எல்லை எழுதுவதற்குப் பதில் அளந்து நட்ட சர்வே கல்லைச் சொல்லி எழுதுவதுபோல.

எண் போதாமல் ஒரு வடிவமே பொதுவாக வேண்டுமென்றால், ரூட்டில், டைம்லைனின் தொடக்கத்திலேயே ஒரு தாய் ஸ்கெட்ச் போட்டுவிட்டு, எல்லாக் காம்பொனென்டுகளும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். சார்புகள் சங்கிலியாக நீளாமல், ஒரு மையத்திலிருந்து பிரியும் கிளைகளாக இருக்கும். நான்கைந்து பாகம் தாண்டிய எந்த வேலைக்கும் இதைத்தான் செய்வேன்.

நகர்த்துவதும் பதிவாகும்

புஷ் பிளேட்டை மவுஸால் பிடித்து மேலே தூக்கி வைத்தீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க. அடுத்து ஸ்கெட்ச் போடத் தொடங்கியதும் ஃப்யூஷன் கேட்கிறது: இந்த இடத்தைப் பதிவு செய்யவா, பழைய இடத்துக்கே திருப்பவா? பலர் படிக்காமலே ஏதோ ஒன்றைச் சொடுக்குகிறார்கள்.

பதிவு செய்தால் டைம்லைனில் ஒரு நிலைச் சின்னம் சேரும். அதற்குப் பின் போடும் ஃபீச்சர்கள் எல்லாம் புஷ் பிளேட் அந்தத் தூக்கிய இடத்தில் இருப்பதாகவே கணக்கில் கொள்ளும். வெறுமனே எட்டிப்பார்க்க நகர்த்தியிருந்தால் திருப்பிவிடுங்கள். ஒரு பாகத்தின் உண்மையான இடத்தை ஜாயின்ட்டால் முடிவு செய்யுங்கள், கையால் இழுத்து அல்ல. பாகங்களுக்கு இடையே ஜாயின்ட் போடும்போது அவற்றுக்கு மேல்மட்டத்தில் உள்ளதை, நம் ஜிக்கில் ரூட்டை, ஆக்டிவேட் செய்துகொள்வது நல்லது.

மஞ்சள், சிவப்பு

டைம்லைனில் ஒரு சின்னம் மஞ்சளானால், அந்த ஃபீச்சர் ஓடியது, ஆனால் எதையோ தொலைத்துவிட்டது என்று பொருள். சிவப்பானால் ஓடவே முடியவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அது நம்பியிருந்த விளிம்போ பரப்போ இப்போது இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் அதே நீளத்தில் புதிதாக ஒரு கோடு போட்டால், கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. மென்பொருளுக்கு அது வேறு கோடு. அதிலிருந்து எழும் விளிம்பு வேறு விளிம்பு. பழைய விளிம்பை நம்பிய ஃபில்லெட் அனாதையாகிவிடும். எனவே முடிந்தவரை கோட்டை அழிக்காமல் அதன் அளவையும் கட்டுப்பாட்டையும் மாற்றுங்கள்.

பத்துச் சின்னங்கள் சிவப்பானால் பத்துப் பிழைகள் என்று எண்ண வேண்டாம். இடப்பக்கத்திலிருந்து முதலில் வரும் ஒன்றை மட்டும் திறந்து, தொலைந்த விளிம்பை மறுபடி தேர்ந்து கொடுங்கள். மீதியில் பெரும்பாலானவை தாமாகச் சரியாகும். இந்தத் தேடலை ரூட்டை ஆக்டிவேட் செய்துவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் முதல் பிழை வேறொரு காம்பொனென்டில் ஒளிந்திருக்கும், நீங்கள் இரண்டாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வேண்டாத காம்பொனென்டை நீக்கும்போதும் கவனம். வலச்சொடுக்குப் பட்டியலில் டிலீட் என்றும் ரிமூவ் என்றும் இரண்டு இருக்கும். டிலீட் அந்தக் காம்பொனென்டை வரலாற்றிலிருந்தே எடுத்துவிடும். அதை நம்பியவை உடையும். ரிமூவ் "இந்தக் கணத்திலிருந்து இது இல்லை" என்று ஒரு புதிய ஃபீச்சரைச் சேர்க்கும். முன்னால் அதைப் பயன்படுத்தியவை அப்படியே இருக்கும். பிராக்கெட்டை வைத்து ஜிக்கை வரைந்துவிட்டு, கடைசியில் ஜிக் மட்டும் போதும் என்றால் ரிமூவ்தான் சரி.

இத்தனை தொல்லை எதற்கு என்று வரலாற்றைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடும் வழியும் மென்பொருளில் இருக்கிறது. சிவப்பெல்லாம் நொடியில் மறையும், டைம்லைனோடு சேர்ந்து. பிறகு மனம் மாறி மறுபடி இயக்கினாலும் பழைய வரலாறு வராது. வெளியிலிருந்து வந்த வடிவத்தைச் சும்மா தட்டிச் சரிசெய்ய அது பயன்படும். ஜிக் வேலைக்கு வேண்டாம்.

தனிக் கோப்பு எப்போது

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒரு பாகம் மற்றவற்றைப் பார்க்காமலே தனியாக நிற்குமானால், அதற்குத் தனிக் கோப்பு நல்லது. கடையில் வாங்கும் கிளாம்ப், போல்ட், திரும்பத் திரும்பப் பல ஜிக்குகளில் வரும் டிரில் புஷ் போன்றவை அந்த வகை. அவற்றை இணைத்துச் செருகினால் உங்கள் டைம்லைனில் ஒரே ஒரு சின்னமாக வந்து உட்காரும். அவற்றின் சொந்த வரலாறு அவற்றின் கோப்பில் இருக்கும். இங்கே மட்டும்தான் "தனி டைம்லைன்" என்ற பேச்சு உண்மை. ஒரு கோப்பிலிருந்து சில ஸ்கெட்ச்சையோ பாராமீட்டரையோ மட்டும் இன்னொன்றுக்கு எடுத்துவர வேண்டும் என்றால் டெரைவ் கட்டளை உண்டு. உறவு ஒருவழிப் பாதை, மூலத்திலிருந்து மட்டும் பாயும்.

சாலிட்வொர்க்ஸில் பழகி வந்தவர்களுக்கு ஃப்யூஷன் குழப்பமாக இருப்பதன் காரணமும் இதுவே. அங்கே வழக்கமான முறையில் ஒவ்வொரு பாகமும் தனிக் கோப்பு, தனி ஃபீச்சர் மரம்; அவற்றைச் சேர்க்கும் அசெம்பிளி இன்னொரு கோப்பு. அந்தப் பழக்கத்தோடு வருபவர் காம்பொனென்டை ஆக்டிவேட் செய்து சுருங்கிய டைம்லைனைப் பார்த்ததும், தனக்குத் தெரிந்ததையே பார்ப்பதாக நினைத்துவிடுகிறார். ஆன்ஷேப்பில் பார்ட் ஸ்டூடியோ என்ற ஒரே இடத்தில் பல பாகங்கள் ஒரே ஃபீச்சர் பட்டியலைப் பகிர்கின்றன; அசெம்பிளி தனி. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் ஒவ்வொரு பாடிக்கும் தன் ஃபீச்சர் வரிசை மரத்துக்குள்ளேயே இருக்கும். விளிம்பின் பெயர் மாறி உடையும் தொல்லையைக் குறைக்கும் ஏற்பாடு 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் சேர்ந்தது.

எந்த மென்பொருளானாலும் கோப்பைக் கைமாற்றும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஸ்கெட்ச்14, எக்ஸ்ட்ரூட்9 என்று கிடப்பவற்றில் முக்கியமானவற்றுக்குப் பெயர் வையுங்கள்: பிராக்கெட் துளை, பேஸ் விலகு துளை, புஷ் இருக்கை. தொடர்ந்து வரும் ஒரே காம்பொனென்டின் சின்னங்களைத் தேர்ந்து ஒரு குழுவாக மடித்து வையுங்கள். இடையில் வேறு காம்பொனென்டின் ஃபீச்சர் புகுந்திருந்தால் குழுவாக மடிக்க முடியாது. இழுத்து அருகருகே கொண்டுவர முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கே ஒரு சார்பு இருக்கிறது என்று பொருள். அது வேண்டிய சார்பா, தெரியாமல் விழுந்ததா என்று அப்போதே திறந்து பார்த்துவிடலாம்.